கணனிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

இப்பகுதியில் இதுவரை வாடகைப் பத்திரம், மின்கட்டணம், பாவித்த கார் என்று பெரியவர்களின் கவலைகளையே எழுதி வந்துள்ளோம். இம்முறை பிள்ளைகளின் விடயம் ஒன்று. மேய்ஸ் ஹில் கோவில் வாகனத் தரிப்பிடத்திலும் வென்ற்வேர்த்வில் கடைத்தெருவிலும் எம்மைக் காணும் பெற்றோர் சிலர் இப்போது கேட்கும் கேள்வி இதுதான்: "மகன் விளையாட்டுக் கணனி ஒன்றைத் தானே பூட்டப்போகிறானாம். சாமான்களை வேறு வேறாக வாங்க வேணுமாம். நம்பிக் காசு குடுக்கலாமோ?"

கொடுக்கலாம் என்பதே எமது பதில். ஆனால் காசு கொடுப்பதற்கு முன் ஒரு கொப்பித் தாளில் முழுப் பட்டியலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது ஏன் என்று விளக்கவே இக்கட்டுரை.

விளையாட மட்டுந்தான் வேண்டும் என்றால் தொலைக்காட்சியில் இணைக்கும் விளையாட்டுப் பெட்டி பெரும்பாலும் மலிவு. கணனி என்றால் பாடசாலை வேலையும் செய்யலாம், பின்னாளில் பழுதான அல்லது பழசான ஒரு பகுதியை மட்டும் மாற்றலாம். பிள்ளைகள் படிப்பைத்தான் முதலிற் சொல்லுவார்கள். அதை நாமும் நம்புவதாகவே வைத்துக்கொள்வோம்.

எமது ஊர்களில் கலியாணம் பேசும்போது பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். ஒன்றிரண்டு குறைந்தாலும் சமாளிக்கலாம் என்பார்கள்; ரச்சு இல்லையென்றால் சாதகத்தை மூடி வைத்துவிடுவார்கள். கணனியும் அப்படித்தான். சில பொருத்தங்கள் குறைந்தால் வேகம் குறையும், அவ்வளவே. சில பொருத்தங்கள் இல்லையென்றால் வாங்கிய சாமான் அட்டைப் பெட்டியில் கிடக்க வேண்டியதுதான்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். தகப்பனார் இரவு வேலை செய்பவர். மகன் பத்தாம் வகுப்பு. மாதம் ஒரு சாமான் என்ற கணக்கில் தகப்பன் காசு கொடுக்க, மகன் மலிவு விலை விழும் நேரம் பார்த்து ஒவ்வொன்றாக வாங்கினான். முதல் மாதம் புறொசெசர், அடுத்த மாதம் றாம், மூன்றாம் மாதம் பெட்டி. ஐந்தாம் மாதம் மதர்போட் வந்தபோதுதான் புறொசெசர் அதில் அமராது என்பது தெரிந்தது. றாமும் வேறு தலைமுறை. கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். சாமானில் பழுதில்லை, மாற்றித் தரும் நாட்களும் கடந்துவிட்டன, ஆகவே தம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். வீட்டில் மகன் ஒரு கிழமையாகத் தகப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் வங்கிக் கடிதம் முதல் வைத்தியசாலைக் கடிதம் வரை ஆங்கிலத்தில் வரும் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்பவன் அந்தப் பையன்தான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

வருமானம் குறைந்த வீடுகள்தான் இவ்வாறு பகுதி பகுதியாக வாங்குகின்றன. அதனால் பொருத்தமின்மை தெரியவரும் நேரம், மாற்றும் தவணை முடிந்த நேரமாகிவிடுகிறது. மாதாமாதம் அதே காசை ஒரு கணக்கிற் சேர்த்து, முழுத்தொகையும் சேர்ந்தபின் ஒரே கிழமையில் வாங்குவதே எமது அபிப்பிராயத்தில் சரியான வழி. பிள்ளைக்குப் பொறுமை இராது. 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் றாமின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியபோது, "இன்னும் ஏறும், இப்பவே வாங்குவம்" என்று பல வீடுகளிற் பிள்ளைகள் நின்றார்கள். தரவு நிலையங்களுக்காகப் பெரிய நிறுவனங்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவித்ததால் வந்த விலையேற்றம் அது. அப்படி ஒன்றை முந்தி வாங்கத்தான் வேண்டும் என்றால், பட்டியல் முழுவதும் முடிவான பின்னரே வாங்குக.

இனிப் பட்டியலுக்கு வருவோம். தொடங்க வேண்டிய இடம் புறொசெசரும் மதர்போட்டும். புறொசெசர் அமரும் குழியைச் சொக்கற் என்பார்கள். இதுதான் எமது ரச்சு. ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் புறொசெசர்கள் 2017இல் வந்தபோது ஏ.எம். 4 என்ற சொக்கற்றில் அமர்ந்தன. 2022இல் ஏ.எம். 5 வந்தது. ஏ.எம். 4 புறொசெசரின் அடியில் ஊசிகள் இருக்கும், ஏ.எம். 5இல் ஊசிகள் மதர்போட்டிற்குப் போய்விட்டன. ஒன்று மற்றொன்றில் எவ்வகையிலும் அமராது. இன்ரெல் நிறுவனத்திற்கு 2021இல் எல்.ஜி.ஏ. 1700, 2024இல் எல்.ஜி.ஏ. 1851. முன்னதில் 12ஆம், 13ஆம், 14ஆம் தலைமுறைகள் அமரும். பின்னதில் அவை அமரா.

குழி ஒன்றாயிருந்தாலும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. இன்ரெல்லின் 6ஆம், 7ஆம் தலைமுறைகளும் 8ஆம், 9ஆம் தலைமுறைகளும் எல்.ஜி.ஏ. 1151 என்ற ஒரே பெயருடைய சொக்கற்றையே பாவித்தன. ஆயினும் 2017இல் வந்த 8ஆம் தலைமுறையைப் பழைய மதர்போட்டில் வைத்தால் வேலை செய்யாது. 300 என்ற வரிசை மதர்போட்டே வேண்டும். பாவித்த சாமான் வாங்குவோர் இதில்தான் அதிகம் அகப்படுகிறார்கள். ஆகவே சொக்கற்றின் பெயரோடு நிற்காமல், மதர்போட் செய்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் உள்ள புறொசெசர் பட்டியலையும் பார்க்க வேண்டும். அதில் ஒவ்வொரு புறொசெசருக்கும் எதிரே எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து அது வேலை செய்யும் என்றும் எழுதியிருப்பார்கள். பயோஸ் என்பது மதர்போட்டின் உள்ளே எழுதப்பட்ட அடிப்படை நிரல். பீ 450 போன்ற பழைய ஏ.எம். 4 மதர்போட்டில் 5000 வரிசை றைசனை வைக்கலாம், ஆனால் பயோஸ் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்கப் பழைய புறொசெசர் ஒன்று தேவைப்படலாம். சில மதர்போட்டுகளிற் பின்பக்கம் ஒரு பொத்தான் உண்டு. புறொசெசர் இல்லாமலே யூ.எஸ்.பி. குச்சி ஒன்றினாற் புதுப்பிக்கலாம். இந்தப் பொத்தான் உள்ளதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

றாம் இரண்டாவது. ஏ.எம். 4 என்றால் டி.டி.ஆர். 4 மட்டும். ஏ.எம். 5, எல்.ஜி.ஏ. 1851 என்றால் டி.டி.ஆர். 5 மட்டும். எல்.ஜி.ஏ. 1700 மதர்போட்டுகளில் இரண்டு வகையும் உண்டு. ஒரே பெயருள்ள மதர்போட் இரண்டு விதமாகவும் வரும், பெயரின் வால்பகுதியிற் பார்க்க வேண்டும். இரண்டு றாமுக்கும் 288 தொடுமுனைகளே. நீளமும் ஒன்றே. நடுவிலுள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். போகவில்லையே என்று பெருவிரலால் அழுத்தினால் உடையப்போவது மதர்போட். 32 கிகாபைற் வேண்டுமானால் 16 கிகாபைற் துண்டுகள் இரண்டு ஒரே பொதியில் வாங்குக; தனித்துண்டு ஒன்றை விட அது வேகம். நான்கு வரிசை இருந்தால் பெரும்பாலான மதர்போட்டுகளில் புறொசெசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் வரிசைகளே அவற்றிற்குரிய இடம். மடிக்கணனியின் றாம் கட்டையானது, இதற்கு உதவாது.

விளையாட்டுக்கு உயிர் கிராபிக்ஸ் காட். அதிலேயே காசின் பெரும்பகுதி போகும். அதற்கு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: பெட்டிக்குள் நீளம் போதுமா, மின்சாரம் போதுமா, மின்வயரின் முனை சரியா. பெட்டியின் விபரத்தில் எத்தனை மில்லிமீற்றர் காட் வரை கொள்ளும் என்று எழுதியிருப்பார்கள். 300 மில்லிமீற்றரைத் தாண்டும் காட்டுகள் இப்போது சாதாரணம். மதர்போட்டின் அளவும் இத்துடன் பார்க்க வேண்டியதே. ஏ.ரி.எக்ஸ். எனப்படும் முழு அளவு 305க்கு 244 மில்லிமீற்றர், மைக்ரோ 244க்கு 244, மினி 170க்கு 170. பெரிய பெட்டியிற் சிறியது போகும், மறுபக்கம் நடக்காது.

புறொசெசரின் பெயரின் கடைசி எழுத்தைக் கவனிக்கத் தவறாதீர்கள். இன்ரெல்லில் 'எப்' என்று முடிந்தால் அதற்குள் படம் காட்டும் பகுதி இல்லை. காட் வாங்கும்வரை திரையில் ஒன்றும் வராது. "முதலிற் கணனி, கிறிஸ்மஸ் மலிவில் காட்" என்று திட்டமிடும் வீடுகளுக்கு இது முக்கியம். ஏ.எம். 4இன் றைசன் 5600இலும் அப்பகுதி இல்லை. 5600 'ஜி'யில் உண்டு. ஏ.எம். 5இன் 7600இல் உண்டு. அந்த 7600 பெட்டிக்குள் குளிர்விக்கும் விசிறியும் வருகிறது. 7600 'எக்ஸ்' என்பதில் விசிறி இல்லை, தனியே வாங்க வேண்டும். ஓர் எழுத்தால் பட்டியலில் ஒரு வரி கூடுகிறது.

மின்சாரக் கணக்கு கடினமானதல்ல. றைசன் 7600இன் பெட்டியில் 65 வாற் என்று இருக்கும். முழு வேகத்தில் 88 வாற் வரை இழுக்கும். ஆர்.ரி.எக்ஸ். 4060 காட் 115 வாற். விசிறிகள், சேமிப்பகம், மதர்போட் எல்லாவற்றிற்கும் நூறு வைத்தாலும் முந்நூறுதான் வருகிறது. ஆயினும் அந்தக் காட்டுக்கு அதன் நிறுவனமே 550 வாற் பவர் சப்ளை சொல்கிறது. காட்டுகள் கணப்பொழுதுக்கு இரட்டிப்பாக இழுக்கும், பவர் சப்ளையும் எப்போதும் எல்லையில் ஓடக்கூடாது. எல்லாவற்றிலும் மலிவு பார்க்கும் நாம் இந்த ஒன்றில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம் என்றே சொல்லுவோம். பெயர் தெரியாத பவர் சப்ளை ஒன்று போகும்போது மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போகும்.

இங்கே எமது மக்களுக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. ரொறன்ரோவிலுள்ள சித்தப்பா மகன் தனது பழைய கணனியின் பவர் சப்ளையை அனுப்பிவிடுவார். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், அவுஸ்திரேலியாவில் 230. இப்போதைய நல்ல பவர் சப்ளைகள் இரண்டையும் தாமே அறிந்துகொள்ளும். 100 முதல் 240 வரை என்று ஒட்டியிருக்கும். பழையனவற்றிலும் மலிவானவற்றிலும் பின்பக்கம் சிறிய சிவப்பு ஆளி ஒன்று இருக்கும். அது 115இல் நிற்க இங்குள்ள சுவரிற் செருகினால் ஒரு வெடிச்சத்தத்தோடு கதை முடியும். லண்டனிலிருந்து வருவதில் இந்தப் பிரச்சினை இல்லை, அங்கும் 230தான். இன்னொன்று: கழற்றிப் பூட்டும் வயருள்ள பவர் சப்ளைகளின் வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றக்கூடாது. முனை ஒரே மாதிரி இருக்கும், உள்ளே கம்பிகளின் ஒழுங்கு நிறுவனத்திற்கு நிறுவனம் வேறு. பழைய வயரைப் புதியதிற் செருகியே பலர் சேமிப்பகத்தை எரித்திருக்கிறார்கள்.

சேமிப்பகத்தில் எம். 2 எனப்படும் சூயிங்கம் அளவான துண்டில் இரு வகை உண்டு, என்.வி.எம்.ஈ. என்றும் சாற்றா என்றும். புதிய மதர்போட்டுகள் பலவற்றில் முன்னதுதான் வேலை செய்யும். அதையே வாங்குக.

இப்போது பெற்றோருக்குரிய பகுதி. 2011 சனவரி 1 முதல் இந்நாடு முழுவதற்கும் ஒரே நுகர்வோர் சட்டம் உண்டு. மனம் மாறிவிட்டது, பிழையானதைத் தெரிந்துவிட்டேன் என்று கூறிச் சாமானைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை அச்சட்டம் தருவதில்லை. கடை தானாக விரும்பினால் மாற்றித் தரலாம், அவ்வளவே. ஆனால் வாங்குமுன், "இந்தத் தேவைக்காகத்தான் வாங்குகிறேன்" என்று கடைக்குத் தெரிவித்து, கடையின் சொல்லை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்கு அது பொருந்த வேண்டும் என்ற உத்தரவாதம் சட்டத்தினாலேயே பிறக்கிறது. பொருந்தாவிட்டால் பொறுப்பு கடையினுடையது. ஆகவே வாய்ப்பேச்சோடு நிற்க வேண்டாம். பட்டியலைக் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்பி, "இவை ஒன்றோடொன்று பொருந்துமா? மதர்போட்டின் பயோஸ் இந்தப் புறொசெசருக்குப் போதுமானதா?" என்று இரண்டு வரி கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையே எழுதலாம். பற்றுச்சீட்டோடு அந்தப் பதிலும் கோவையில் இருக்கட்டும். பூட்டத் தெரிந்த நண்பன் சரியென்று சொன்னானே என்றால், நண்பனுக்குச் சட்டப்பொறுப்பு எதுவும் இல்லை.

"பழுதான சாமானா, செய்த நிறுவனத்திற்கு அனுப்புங்கள், எம்மிடம் வராதீர்கள்" என்று கடை சொன்னாலும் அது சரியல்ல. விற்றவரே பொறுப்பு. கணனிச் சாமான் விற்பதிற் பெயர்பெற்ற எம்.எஸ்.வை. நிறுவனத்தின் மீது அவுஸ்திரேலியப் போட்டி நுகர்வோர் ஆணைக்குழு வழக்குத் தொடர்ந்தது. வாடிக்கையாளரின் இவ்வுரிமைகளைப் பற்றித் தவறான எண்ணம் தந்ததற்காக 2017இல் சமஷ்டி நீதிமன்றம் 750,000 டொலர் தண்டம் விதித்தது. விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம், காசு திருப்பித் தரமாட்டோம் என்று எழுதிவைத்ததற்காக 2016இல் இதே நீதிமன்றத்தில் 30 இலட்சம் டொலர் தண்டம் பெற்றது. இவ்வளவு பெரிய நிறுவனங்களையே கேள்வி கேட்ட சட்டம், ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதற்காக உங்களைக் கைவிடாது. நியூ சவுத் வேல்ஸ் நியாய வர்த்தகத் திணைக்களத்தின் எண் 13 32 20. தமிழில் பேச வேண்டுமானால் முதலில் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் என்று சொல்லி, அவர்கள் மூலம் இணைந்துகொள்ளலாம். கடையில் வழக்காடும் வேலையைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள்.

தனியாள் ஒருவரிடம் வீட்டு வாசலில் வாங்கும் பாவித்த சாமானுக்கு இவ்வுத்தரவாதங்கள் பொருந்தா. அங்கே கணனி ஓடுவதைக் கண்ணாற் பார்த்தபின்னரே காசு எண்ணுக. அலுவலகங்கள் கழித்துவிட்ட கணனிகள் மிக மலிவாகக் கிடைக்கின்றன. அதில் ஒரு காட் செருகினால் விளையாட்டுக் கணனி ஆகிவிடும் என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். பாதி உண்மை. அவற்றுட் பலவற்றின் பெட்டி ஒடுங்கியது, பவர் சப்ளை சிறியது, அதன் முனைகளும் அந்த நிறுவனத்திற்கே உரியவை. மதர்போட்டின் வரிசையால் மட்டும் காட்டுக்குக் கிடைக்கக்கூடியது 75 வாற். அதற்குள் அடங்கும் காட்டாகப் பார்க்க வேண்டும். 2024இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3050இன் 6 கிகாபைற் வகை 70 வாற்தான், குட்டை வடிவிலும் உண்டு. அத்தோடு விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14உடன் பொதுவில் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 ஏற்கும் பழைமையின் எல்லை இன்ரெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறை, றைசனில் 2000 வரிசை. அதற்கு முந்திய கணனி எவ்வளவு மலிவாயினும் எமக்கு வேண்டாம்.

பூட்டும் நாளில் கம்பளத்தில் வைத்துப் பூட்டாமல் மேசையில் வைத்துப் பூட்டுங்கள். இடையிடையே பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டால் உடலிலுள்ள நிலைமின்சாரம் போய்விடும். மதர்போட்டின் அடியில் வரும் சிறு பித்தளைத் தாங்கிகள் அதன் துளைகளுக்கு நேரே இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மேலதிகமான ஒன்று நின்றாலும் மின்னொழுக்கு ஏற்படலாம்.

முதல்முறை ஆளியை அழுத்தியும் திரை கறுப்பாயிருந்தால் கடைக்கு ஓட வேண்டாம். திரையின் வயர் மதர்போட்டிற் செருகப்பட்டிருக்கும். அதைக் காட்டில் செருகுங்கள். புறொசெசருக்கென மேல்மூலையில் உள்ள எட்டு ஊசி மின்வயர் மறந்துபோயிருக்கலாம். றாம் இரு பக்கமும் "டிக்" என்று சத்தம் கேட்கும்வரை அமரவில்லையோ என்று பாருங்கள். ஏ.எம். 5 கணனியாயின் முதல்முறை அது டி.டி.ஆர். 5 றாமைப் பரிசோதித்துப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. அந்நேரத்தில் ஆளியை நிறுத்திவிடாமல், எல்லோருமாக ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.